சர்வர் பெயரும் நிர்வாக மென்பொருளும் முட்டிக்கொள்ளும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

திருநெல்வேலியை ஆங்கிலத்தில் எழுதினால் 11 எழுத்து. பாளையங்கோட்டைக்கு 13. சேரன்மகாதேவிக்கு 14. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் விண்டோஸ் சர்வருக்குப் பெயர் வைக்கிறவருக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ஏன் என்பது முதல் அறிகுறியிலேயே தெரிந்துவிடும்.

நான் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். தலைமை அலுவலகம் பாளையங்கோட்டையில். கிளைகள் அம்பாசமுத்திரம், வள்ளியூர், தென்காசி, சங்கரன்கோவில் என்று போகும். சர்வர்கள் 40-ஐத் தாண்டிவிட்டன. அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் மூன்று பேர். முதலாமவர் ஆற்றுப் பிரியர்: தாமிரபரணி, மணிமுத்தாறு, கடனாநதி, சிற்றாறு, பச்சையாறு. இரண்டாமவர் ஊர்ப்பெயரை முழுதாக எழுதி, பக்கத்தில் சர்வர் செய்யும் வேலையையும் ஓர் எண்ணையும் சேர்த்தார். மூன்றாவது ஆள் நான். பெயர்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு என் பங்குக்கு ஒரு வம்பை விலைக்கு வாங்கினேன். கண்காணிப்பு மென்பொருள், கட்டளைகளை மொத்தமாக அனுப்பும் மென்பொருள், காப்புநகல், சான்றிதழ் (இந்தச் சர்வர் இன்னார்தான் என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் அத்தாட்சி) என்று ஒவ்வொன்றும் இந்தப் பெயர்களை ஒவ்வொரு விதமாகப் படித்துக்கொண்டது. அப்போது பட்ட பாட்டின் குறிப்புகள்தான் கீழே இருப்பவை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சர்வர் பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன். கணினியில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. எழுத்தெண்ணிக்கையும் ஆங்கில எழுத்துக்குத்தான்.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

அறிகுறி எதுவானாலும் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். சர்வர் தன் பெயரை என்னவென்று சொல்கிறது (குறும்பெயர், டொமைனோடு சேர்ந்த முழுப்பெயர் இரண்டும்). அந்தப் பெயரை, பெயருக்கு முகவரி சொல்லும் டி.என்.எஸ். சேவையிடம் கேட்டால் எந்த ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் அந்த இயந்திரத்தின் எண்) வருகிறது. அந்த முகவரியைத் திருப்பிக் கேட்டால் எந்தப் பெயர் வருகிறது. மென்பொருளின் பட்டியலில் என்ன பெயர் பதிவாகியிருக்கிறது.

நான்கையும் நகலெடுத்து ஒட்டுங்கள். கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்தால், நம் மூளை பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கிவிடும், வாலில் ஒட்டியிருக்கும் இடைவெளியை விழுங்கிவிடும். நான்கு வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் பெயரில் பழுதில்லை; நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலைப் பாருங்கள். எங்கே வேறுபடுகிறதோ அங்கிருந்துதான் வேலை தொடங்கும்.

அறிகுறி: இரண்டாவது விண்டோஸ் சர்வரை டொமைனில் சேர்த்ததும் முதல் சர்வரில் யாராலும் உள்நுழைய முடியவில்லை

இரண்டாமவர் வைத்த பெயர்: திருநெல்வேலி-வெப்-01. ஒரு வருடம் சிக்கலில்லாமல் ஓடியது. பிறகு திருநெல்வேலி-வெப்-02 வந்தது. அதை டொமைனில் (நிறுவனத்தின் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் விண்டோஸ் ஏற்பாடு) சேர்த்த மறுநாள் காலை, 01-இல் டொமைன் கணக்கோடு உள்நுழைந்தவர்களுக்கெல்லாம் ஒரே செய்தி: டொமைனுடன் இருந்த நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது. கடவுச்சொல் சரி, நெட்வொர்க் சரி, கடிகாரம் சரி. அரை நாள் கடிகாரத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

எண்ணிப் பாருங்கள். ஊர்ப்பெயர் 11, இடைக்கோடு ஒன்று, வெப் என்பது ஆங்கிலத்தில் மூன்று. மொத்தம் 15. நெட்பயாஸ் என்ற பழைய விண்டோஸ் நெட்வொர்க் பெயர்முறையில் பெயருக்கு ஒதுக்கிய இடம் 16 பைட்; கடைசி பைட் எந்தச் சேவை என்பதைக் குறிக்கப் போய்விடுகிறது. மிச்சம் 15. ஆகவே 01, 02 இரண்டுமே, டொமைனை நடத்தும் ஆக்டிவ் டைரக்டரியின் கண்ணில் வெறும் ‘திருநெல்வேலி-வெப்’. எண்ணுக்கு முன்னாலேயே கத்தி விழுந்துவிட்டது. இரண்டாவது சர்வர் சேர்ந்தபோது, அதே பெயரில் ஏற்கெனவே இருந்த கணினிக் கணக்கை எடுத்துக்கொண்டு அதன் கடவுச்சொல்லைப் புதிதாக்கிவிட்டது. முதல் சர்வர் பழைய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு வாசலில் நின்றது.

பெயர் வைக்கும்போதே விண்டோஸ், ‘இந்தப் பெயர் 15 எழுத்தாகச் சுருக்கப்படும்’ என்று எச்சரிக்கத்தான் செய்கிறது. அந்தச் சாளரத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: சரி என்பதை அழுத்தினார்.

உங்களிடம் இதே நிலைமை இருந்தால் செய்ய வேண்டிய வரிசை முக்கியம். கணக்கு இப்போது இரண்டாவது சர்வரின் கையில் இருக்கிறது. எனவே முதலில் இரண்டாவது சர்வருக்கு 15-க்குள் அடங்கும் தனிப் பெயர் வையுங்கள். டொமைனில் இருந்தபடியே மாற்றினால் கணினிக் கணக்கின் பெயரும் கூடவே மாறிவிடும். மறுதொடக்கம் செய்து, அது ஒழுங்காக உள்நுழைய விடுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு முதல் சர்வரை டொமைனிலிருந்து விலக்கி, பெயர் மாற்றி, மறுபடி சேருங்கள். விலக்கும் முன் அந்த இயந்திரத்தின் உள்ளூர் நிர்வாகிக் கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இல்லை. அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

இன்று இதே தவறு வேறு முகத்தோடும் வரலாம். 2022 அக்டோபர் புதுப்பிப்புக்குப் பிறகு, வேறொருவர் உருவாக்கிய கணினிக் கணக்கை மறுபடி பயன்படுத்த முயன்றால் விண்டோஸ் மறுத்துவிடுகிறது. பிழை எண் 2732. அந்த எண்ணைப் பார்த்ததும் அனுமதிகளைத் தளர்த்த ஓடாதீர்கள். முதலில் எழுத்தை எண்ணுங்கள். ஒருவேளை அந்த மறுப்பு உங்கள் முதல் சர்வரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.

லினக்ஸ் சர்வர்களை அதே டொமைனில் சேர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். லினக்ஸ் தன்னளவில் 64 எழுத்து வரை ஏற்கும், டி.என்.எஸ்.-இல் புள்ளிக்குப் புள்ளி ஒரு துண்டுக்கு 63 வரை இடமுண்டு. ஆனால் ஆக்டிவ் டைரக்டரிக்குள் போகும்போது வாசல் குறுகியதுதான். சேர்க்கும் கட்டளையில் கணினிப் பெயரைத் தனியாகக் கொடுக்க வழி இருக்கிறது; நீளமான பெயர் இருந்தே தீர வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: கண்காணிப்புத் திரையில் பாதித் தகவல் வருகிறது, பாதி வரவில்லை

இது ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு. சி.பி.யு. வரைபடம் ஓடுகிறது, நினைவகம் தெரிகிறது. லாக் கோப்பை (நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் கோப்பு) கண்காணிக்கச் சொன்னது மட்டும் காலியாக இருக்கிறது. சர்வரில் ஓடித் தகவல் தரும் ஏஜென்ட் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்த வரைபடமே சாட்சி என்பதால், பெயர் மீது சந்தேகமே வராது.

ஸாபிக்ஸில் இரண்டு வழி உண்டு. ஒன்றில் மைய சர்வர் ஐ.பி. முகவரியைப் பிடித்துப் போய் ஏஜென்ட்டைக் கேட்கிறது; அங்கே பெயர் எதுவானாலும் கவலையில்லை. மற்றொன்றில் ஏஜென்ட்டே மைய சர்வரிடம் வந்து, ‘நான் இன்னார், எனக்கு என்ன வேலை?’ என்று கேட்கிறது. இங்கேதான் பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட. லாக் கண்காணிப்பு இந்த இரண்டாவது வழியில் மட்டுமே நடக்கும். ஏஜென்ட்டின் லாக்கைத் திறந்தால், இந்தப் பெயரில் ஹோஸ்ட் (கண்காணிக்க வேண்டிய இயந்திரம்) இல்லை என்று மைய சர்வர் சொல்லியிருப்பது தெரியும். அடைப்புக்குள் இருக்கும் பெயரை நகலெடுத்து, திரையில் உள்ள ஹோஸ்ட் பெயரோடு ஒப்பிடுங்கள். காட்சிப் பெயர் என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. அதை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்று வகையாக இது தவறிப் போகும். ஒன்று, அமைப்புக் கோப்பை அப்படியே விட்டிருப்பது: கூட வரும் கோப்பில் பெயர் என்ற இடத்தில் ‘ஸாபிக்ஸ் சர்வர்’ என்றே எழுதியிருக்கும். பத்து இயந்திரத்தில் நிறுவினால் பத்தும் தன்னை ஸாபிக்ஸ் சர்வர் என்றே சொல்லிக்கொள்ளும். இரண்டு, அந்த வரியை எடுத்துவிட்டு இயந்திரத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளச் சொன்னால், விண்டோஸில் இயல்பாகக் கிடைப்பது நெட்பயாஸ் பெயர்: எல்லாம் பெரிய எழுத்து, 15-க்கு மேல் வெட்டு. நீங்கள் திரையில் சிறிய எழுத்தில் முழுப்பெயர் வைத்திருந்தால் பொருந்தாது. நெட்பயாஸ் பெயருக்குப் பதில் ஹோஸ்ட் பெயரைக் கேட்கவும், புதிய பதிப்புகளில் சிறிய எழுத்தாக மாற்றவும் அமைப்பு இருக்கிறது. ஆவணத்தைப் பார்த்து இரண்டையும் போடுங்கள். மூன்று, ஒருவர் குறும்பெயரையும் மற்றவர் டொமைனோடு சேர்ந்த பெயரையும் பதிவது. இதற்கு மருந்து ஏதுமில்லை. எது என்று அலுவலகத்தில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.

தானாகப் பதிவாகும் வசதியைத் திறந்து வைத்திருந்தால் பிழைச் செய்தி வராது. அதற்குப் பதிலாக ஒரே சர்வர் இரண்டு பெயரில் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். அது இன்னும் மோசம். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அறிகுறி: பிங் போகிறது, எஸ்.எஸ்.எச். வேலை செய்கிறது, ஆனால் ஒரு மென்பொருள் மட்டும் ‘ஹோஸ்ட் இல்லை’ என்கிறது

சர்வர் பதில் தருகிறதா என்று பார்ப்பது பிங்; தொலைவிலிருந்து உள்நுழைவது எஸ்.எஸ்.எச். இரண்டும் சரியென்றால், பெயரில் அடிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இது என் கைங்கரியம். அம்பாசமுத்திரம் கிடங்கு சர்வருக்கு அம்பை_கிடங்கு_01 என்று வைத்தேன். இடைக்கோட்டைவிட அடிக்கோடு படிக்க எளிது, இரண்டு தட்டில் முழுப்பெயரும் தேர்வாகிவிடும் என்பது என் வாதம். வாதம் இன்றும் சரிதான். பெயர்தான் தவறு.

ஹோஸ்ட் பெயரில் எழுத்து, எண், இடைக்கோடு இவை மட்டுமே வரலாம் என்பது 1985-இல் வந்த ஆர்.எஃப்.சி. 952 என்ற இணைய விதி ஆவணத்திலிருந்து இருக்கும் விதி. 1989-இல் ஆர்.எஃப்.சி. 1123 சற்று இளகி, முதல் எழுத்து எண்ணாகவும் இருக்கலாம் என்றது. அடிக்கோட்டுக்கு அனுமதி அப்போதும் கிடைக்கவில்லை. ஆனால் டி.என்.எஸ். என்ற ஏற்பாடு தன்னளவில் எந்த எழுத்தையும் சுமக்கும்; அதனால்தான் பிங் போகிறது. விதியை மதிக்கும் மென்பொருளிடம் வரும்போதுதான் முட்டுகிறது. ஜாவாவில் எழுதிய கருவிகள் இதில் பேர் போனவை: அடிக்கோடு உள்ள முகவரியைக் கொடுத்தால், முகவரியைப் பிரித்துப் படிக்கும் ஜாவாவின் யு.ஆர்.ஐ. வகுப்பு ஹோஸ்ட் பகுதியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும். பிழைச் செய்தியில் ‘அடிக்கோடு’ என்ற சொல்லே இருக்காது. ஹோஸ்ட் காலி என்று மட்டும் இருக்கும். எங்கள் காப்புநகல் மென்பொருளில் இரண்டு நாள் இதைத் தேடினேன். பொதுச் சான்றிதழ் நிறுவனங்களும் 2019 முதல் அடிக்கோடு உள்ள பெயருக்குச் சான்றிதழ் கொடுப்பதில்லை.

சர்வரின் பெயரை உடனே மாற்ற முடியாவிட்டால், இடைக்கோடு போட்ட இன்னொரு பெயரை அதே ஐ.பி.க்கு டி.என்.எஸ்.-இல் சேர்த்து, சிக்கல் செய்யும் மென்பொருளிடம் அந்தப் பெயரைக் கொடுங்கள். நாளை ஒரு நாள் மூலப் பெயரை மாற்றலாம். எங்களுக்கு அந்த நாள் எட்டு மாதம் கழித்து வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கட்டளைகளை மொத்தமாக அனுப்பும் ஆன்சிபிள் மென்பொருளில் ஹோஸ்ட் பெயருக்கு இடைக்கோடு சரி. ஆனால் குழுப் பெயரில் இடைக்கோடு வந்தால் 2.8 பதிப்பிலிருந்து எச்சரிக்கை வருகிறது. குழுப் பெயருக்கு எழுத்து, எண், அடிக்கோடு. முதலெழுத்து எண்ணாக இருக்கக் கூடாது. அதாவது சர்வருக்கு வேண்டாத அடிக்கோடு குழுவுக்கு வேண்டும், சர்வருக்கு வேண்டிய இடைக்கோடு குழுவுக்கு ஆகாது. ஒரே கோப்பில், பத்து வரி இடைவெளியில். குழுவுக்கும் ஹோஸ்டுக்கும் ஒரே பெயர் வைத்தாலும் எச்சரிக்கும். ‘தாமிரபரணி’ என்று ஒரு சர்வரும் அதே பெயரில் ஒரு குழுவும் வைத்திருந்தால், கட்டளை யாருக்குப் போனது என்று நீங்கள்தான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

அறிகுறி: பெயரை மாற்றினேன், பழைய பெயர் திரும்பி வந்துவிட்டது, அல்லது ஒரே சர்வர் இரண்டாகத் தெரிகிறது

மறுதொடக்கத்துக்குப் பிறகு பழைய பெயர் வந்தால், இயந்திரம் தொடங்கும்போது அதன் அமைப்புகளைப் போட்டுவைக்கும் கிளவுட்-இனிட் ஓடுகிறதா என்று பாருங்கள். ஹோஸ்ட் பெயரைப் பாதுகாக்கச் சொல்லும் அமைப்பு அதில் உண்டு. அதை ‘ஆம்’ என்று வைக்க வேண்டும். ஐ.பி. முகவரியைத் தானாகக் கொடுக்கும் டி.எச்.சி.பி. வழியாகப் பெயர் வருகிறதா என்பதையும் பாருங்கள். டெபியன் வழி வந்த லினக்ஸ் என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்ற வரியில் பழைய பெயர் உட்கார்ந்திருக்கும். அதை மாற்ற மறப்பவர்கள்தான் அதிகம்.

சர்வரில் பெயர் மாறியும் நிர்வாக மென்பொருளில் மாறவில்லை என்றால், அந்த மென்பொருள் முதல் நாளிலேயே பெயரை எழுதிவைத்துக்கொண்டது என்று பொருள். சால்ட், பப்பெட் இரண்டும் சர்வர்களை மையத்திலிருந்து அமைக்கும் கருவிகள். சால்ட் தன் அமைப்புக் கோப்புறையில் மினியன் ஐடி என்ற கோப்பில் எழுதிவைக்கும். ஹோஸ்ட் பெயர் மாறினாலும் அதைத் தொடாது. பப்பெட் பெயரைச் சான்றிதழோடு கட்டிவைத்திருக்கிறது. பெயர் மாறினால் புதுச் சான்றிதழ் கேட்டு நிற்கும், மையத்தில் யாராவது ஒப்பம் போட வேண்டும். பல இயந்திரங்களை ஒரு கூட்டமாக இயக்கும் குபர்னெட்டிஸில் இயந்திரத்தின் பெயரை மாற்றுவதைவிட, அதைக் கூட்டத்திலிருந்து விலக்கிப் புதுப் பெயரில் சேர்ப்பது நிம்மதி. பெரிய எழுத்து அங்கே அறவே செல்லாது. புரோமித்தியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் பெயர் மாறினால் அது புது வரிசை. பழைய வரைபடம் பழைய பெயரில் நிற்கும், புதியது சுழியத்திலிருந்து தொடங்கும். அது பிழையல்ல, கேட்பவர்களுக்கு அப்படித்தான் விளக்க வேண்டும்.

அறிகுறி: மென்பொருளின் பட்டியலில் மூன்று கிளைகளின் சர்வரும் ஒரே பெயரில் தெரிகின்றன

புள்ளிதான் காரணம். அம்பைக்கும் தென்காசிக்கும் வள்ளியூருக்கும் தனித்தனி உட்டொமைன் கொடுத்து, உள்ளே எல்லா இடத்திலும் வெப்01 என்று வைத்திருப்பீர்கள். சில மென்பொருள்கள் முதல் புள்ளியோடு நிறுத்திக்கொள்ளும். லாக்குகளைச் சேகரிக்கும் ஆர்சிஸ்லாக் இயல்பாகவே அப்படித்தான். முழுப்பெயரைப் பாதுகாக்கச் சொல்லும் அமைப்பைப் போட்டால் தீரும். அளவுகளைச் சேமித்து வரைபடமாக்கும் கிராஃபைட் நேர்மாறு: புள்ளியைக் கோப்புறைப் பிரிப்பாக எடுத்துக்கொண்டு, ஒரு பெயரை நான்கு அடுக்கு மரமாக்கிவிடும். அங்கே அனுப்பும் முன் புள்ளியை அடிக்கோடாக மாற்ற வேண்டும். ஆம், அதே அடிக்கோடு.

நட்சத்திரக் குறி போட்ட சான்றிதழ் ஒரு புள்ளியைத்தான் தாண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிறுவன டொமைனுக்கு நட்சத்திரச் சான்றிதழ் வாங்கி, கிளை உட்டொமைனுக்குள் இருக்கும் சர்வரில் போட்டால் உலாவி ஏற்காது.

அறிகுறி: சில லினக்ஸ் இயந்திரங்களில் மட்டும் பெயர் கிடைக்கவில்லை, விண்டோஸில் கிடைக்கிறது

டொமைன் ‘.லோக்கல்’ என்று முடிகிறதா? 2013-இல் ஆர்.எஃப்.சி. 6762 அந்த முடிவை மல்டிகாஸ்ட் டி.என்.எஸ்.-க்கு ஒதுக்கிவிட்டது. டெஸ்க்டாப் லினக்ஸ் நிறுவல்கள் பலவற்றில், ‘.லோக்கல்’ என்று வந்தால் பக்கத்து இயந்திரங்களைக் கூவி அழைத்துப் பார்த்துவிட்டு, பதில் இல்லையென்றால் டி.என்.எஸ்.-இடம் போகாமலே நின்றுவிடும்படி அமைத்திருப்பார்கள். பெயர் தேடும் வரிசையைச் சொல்லும் என்.எஸ்.ஸ்விட்ச் கோப்பில் டி.என்.எஸ்.-ஐ முன்னால் கொண்டுவந்தால் வேலை நடக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘.லோக்கல்’ பக்கமே போக வேண்டாம். உங்கள் சொந்த டொமைனுக்குக் கீழே ஓர் உட்டொமைன் வைப்பது உத்தமம். அது இல்லையென்றால் 2024-இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு தனிப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய ‘.இன்டர்னல்’ இருக்கிறது.

அறிகுறி: பெயர் சரியாகத்தான் தட்டச்சு செய்தேன், கிடைக்கவில்லை

இதற்கு எந்த மென்பொருள் ஆவணத்திலும் மருந்து கிடைக்காது. நம் ஊர் நோய்.

தாமிரபரணி என்ற சர்வரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள்? முதலில் டி மட்டுமா, டி-யோடு எச்-ஆ? நடுவில் பி என்ற ஒலிக்கு எந்த எழுத்து? எங்கள் அலுவலகத்தில் நான்கு விதமாக எழுதியிருந்தார்கள். டி.என்.எஸ்.-இல் ஒன்று, கண்காணிப்பில் ஒன்று, கடவுச்சொல் பெட்டகத்தில் ஒன்று, இரவு வேலைக்கு வருகிறவரின் நோட்டுப் புத்தகத்தில் ஒன்று. ஆறு ஒன்றுதான். வள்ளியூருக்கு யூ எழுத்தா, இரண்டு ஓ எழுத்தா? அம்பாசமுத்திரமா, அம்பையா? வெள்ளைக்காரன் காலத்தில் தின்னவேலி என்று எழுதியதும் இதே ஊரைத்தான். 2020 ஜூனில் தமிழக அரசே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, அதே மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசுக்கே நிலைக்காத எழுத்துக்கூட்டலில் சர்வர் பெயரைக் கட்டாதீர்கள்.

சரி, சுருக்கக் குறியீடு வைக்கலாம் என்று ரயில்வேக் குறியீட்டை எடுத்தேன். திருநெல்வேலி சந்திப்புக்கு டி, ஈ, என். தென்காசிக்கு டி, எஸ், ஐ. புதிதாக வந்த பையன் முதல் மூன்றெழுத்தைப் பார்த்துத் தென்காசி என்று படித்தான். அவன் மேல் குற்றமில்லை. தென்காசியின் முதல் மூன்று ஆங்கில எழுத்தும் அதேதான். இன்னொருவர் அதை ஆங்கிலத்தில் பத்து என்று படித்து, பத்தாவது சர்வர் எங்கே என்று தேடினார்.

மாவட்டத்தை வைத்துப் பெயரிடுவதும் ஆகவில்லை. தென்காசிக் கிளை சர்வர்கள் எல்லாம் திருநெல்வேலி மாவட்ட முன்னொட்டோடு இருந்தன. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவிலும் அதோடு போனது. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தபோது நல்லவேளையாக எங்களுக்குச் சர்வர் இல்லை.

இப்போது நாங்கள் வைத்திருப்பது: கிளைக்கு நாமே கொடுத்த மூன்றெழுத்து, இடைக்கோடு, வேலைக்கு இரண்டெழுத்து, இரண்டு இலக்க எண். எல்லாம் சிறிய எழுத்து. மொத்தம் எட்டு. ஊரின் முழுப்பெயரும் மாவட்டமும் மாடி எண்ணும் கண்காணிப்பு மென்பொருளின் குறிச்சொல்லில் இருக்கின்றன. அங்கே மாற்றினால் எதுவும் உடையாது. மூன்றெழுத்துப் பட்டியல் ஒரே ஒரு தாள். சர்வர் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. எண்ணை எப்போதும் இரண்டு இலக்கமாகவே எழுதுங்கள். இல்லாவிட்டால் 1-க்கு அடுத்து 10 வரும், 2 எங்கோ போய்விடும்.

அறிகுறி: தமிழில் எழுதிய விவரம் திரையில் தெரிகிறது, தேடினால் வரவில்லை

காட்சிப் பெயரிலும் குறிச்சொல்லிலும் தமிழ் எழுதலாம், எழுதுங்கள். ஆனால் பாளையங்கோட்டையில் இருக்கும் ‘கோ’வைக் கவனியுங்கள். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். ஏகாரக் குறி, துணைக்கால் என்று இரண்டாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே பைட்டுகள் வேறு. ஒருவர் கைப்பேசியில் தட்டியதும் இன்னொருவர் பழைய கோப்பிலிருந்து ஒட்டியதும் இப்படிப் பிரிந்துபோகலாம். யூனிகோட் இவற்றைச் சமம் என்றுதான் சொல்கிறது. ஒப்பிடும் முன் சீராக்க வேண்டியது மென்பொருளின் வேலை, பல மென்பொருள்கள் அதைச் செய்வதில்லை. மொத்தமாக ஏற்றும் பட்டியலை என்.எஃப்.சி. என்ற யூனிகோட் சீர்வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டு ஏற்றுங்கள். நீள வரம்பு பைட்டில் இருந்தால், தமிழ்க் குறி (எழுத்தோ துணைக்குறியோ) ஒவ்வொன்றும் யு.டி.எஃப்-8 குறிமுறையில் மூன்று பைட் என்பதை நினைவில் வையுங்கள். ‘திருநெல்வேலி’ 12 குறி, 36 பைட்.

அறிகுறி: தொலைவிலிருந்து ஒரு சர்வரை மறுதொடக்கம் செய்தேன், வேறொன்று நின்றுபோனது

சர்வருக்குள் தனியாக ஒரு சிறு மேலாண்மைக் கணினி இருக்கிறதல்லவா, மின்சாரத்தை அணைத்துப் போடுவது, விசிறி வேகம் பார்ப்பது எல்லாம் அதன் வேலை. அதற்குத் தனி ஐ.பி., தனிப் பெயர். மேலே ஓடும் விண்டோஸோ லினக்ஸோ பெயர் மாற்றிக்கொண்டால் அது கூடவே மாறும் என்று நம்ப வேண்டாம். சர்வர் முகப்பில் ஒட்டிய காகிதச் சீட்டு மாறவே மாறாது. மூன்று பெயரும் மூன்று திசையில் போன ஓர் இரவில், சங்கரன்கோவில் கிளையில் பில்லிங் சர்வரை அணைத்துவிட்டேன்; நான் அணைக்க நினைத்தது காப்புநகல் சர்வரை.

பெயரை நம்பாமல் தொடர் எண்ணைப் பிடியுங்கள். மேலாண்மைப் பக்கம் காட்டும் தொடர் எண்ணும் இயங்குதளம் உள்ளிருந்து படிக்கும் தொடர் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் பெயரை அங்கேயே திருத்திவிடலாம். பிறகு முகப்புச் சீட்டு. அதற்கு ஆள் நேரில் வேண்டும்.

மறுநாள் அந்தக் கிளையின் கிடங்குப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“அண்ணாச்சி, சர்வர் பெட்டி இரண்டு இருக்கிறதே, மேலே உள்ளதில் என்ன சீட்டு ஒட்டியிருக்கிறது?”

“பில்லிங் என்று இருக்கிறது தம்பி. கீழே உள்ளதில் எழுத்து அழிந்துவிட்டது.”

அந்த மேலாண்மைக் கணினியோடு பேசும் ஐ.பி.எம்.ஐ. கட்டளையில் பெட்டியை அடையாளம் காட்டும் விளக்கை எரியவிட ஒரு வழி இருக்கிறது. நேரம் எதுவும் சொல்லாவிட்டால் 15 விநாடி எரிந்து அணைந்துவிடும். அவர் நாற்காலியை விட்டு எழுந்து போக அது போதாது என்று 120 கொடுத்தேன். பில்லிங் சர்வரின் தொடர் எண் உள்ள முகவரிக்குத்தான் அனுப்பினேன்.

“இப்போது நீல விளக்கு எதில் எரிகிறது அண்ணாச்சி?”

சற்று நேரம் சத்தமில்லை. செருப்புச் சத்தம், கதவு, விசிறி இரைச்சல்.

“கீழே உள்ளதில்.”

அழியாத மையில் புதுச் சீட்டு இரண்டு எழுதி, மறுநாள் சரக்கு வண்டியில் கொடுத்தனுப்பினேன்.